புயல் விலகியது என்றார்கள்

என் கணவருக்குத் தமிழ்நாட்டில் வாக்கு இல்லை. அந்தக் கரையை அவர் கண்ணால் கண்டதும் இல்லை. ஆனாலும் அங்கே வாக்கு எண்ணுகிற நாளில் எங்கள் வீட்டில் உலை வைக்கிற நேரம்கூட சென்னைத் தொலைக்காட்சிச் சனல்களைப் பொறுத்தது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வேலைக் காலம் முழுக்க நின்றே பழகியவர், ஓய்வு பெற்றதும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான். சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் மட்டும் எழும்புவார். கேபிள்காரன் சென்னைச் சனல்களைக் கொண்டுவந்து சேர்த்த நாளிலிருந்து எங்கள் களுவாஞ்சிக்குடி வீட்டின் கூடம் பாதி கட்சி அலுவலகம் ஆகிவிட்டது.

நான் அதே கூடத்தின் மூலையில் தையல் மெஷினோடு இருப்பவள். அதனால் அவர் பார்ப்பதையெல்லாம் நானும் பார்த்தே தீரவேண்டும். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே முரசு அடிப்பார்கள். தலைவர்கள் பொம்மைகளாகி ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். ஒருவர் முந்துவார், மற்றவர் குப்புற விழுவார். திரையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்கு ஓர் ஆளை அடைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் கத்த விடுவார்கள். முக்கியச் செய்தி என்று சிவப்பாக மின்னும். என்னவோ ஏதோ என்று ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், ஒரு தலைவர் வீட்டிலிருந்து புறப்பட்டுக் காரில் ஏறியிருப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சிவப்பு மின்னும். அதே தலைவர் காரிலிருந்து இறங்கியிருப்பார். நான் வாய்விட்டுச் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். "உனக்கு அரசியல் விளங்காது, நீ உன்ட வேலையப் பார்" என்பார்.

எதிர்வீட்டுக்காரர் மறுகட்சி. "அண்ணன், உங்கட ஆள் பின்னடைவாம்" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வார். "முதல் சுற்றுத்தானே, பொறுங்க" என்பார் இவர். அந்தக் கட்சிகளின் பெயரால் ஒருமுறை இரண்டு பேரும் ஒரு மாரி காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். இவர்கள் பேசாமல் விட்டதால் அங்கே எந்த ஆட்சியும் கவிழவில்லை. எங்கள் நாட்டுத் தேர்தலுக்கு இவ்வளவு ஆரவாரம் கிடையாது. அதை ஒரு குரல் ஆறுதலாக மாவட்டம் மாவட்டமாக வாசிக்கும், அதில் ருசி இல்லை என்பது அவர் கட்சி.

தேர்தல் இல்லாத காலத்தில் அவருக்குப் புயல். கடலில் ஒரு தாழமுக்கம் உருவானால் போதும், சென்னைச் சனல்காரர்கள் அதே முரசை எடுத்துவிடுவார்கள். நிறம் நிறமாகச் சுழலும் ஒரு படம் வரும். அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஒன்று கரையை நோக்கி நீளும். அந்தப் படத்தில் இலங்கையும் இருக்கும். மாங்காய் மாதிரி, உள்ளே ஓர் ஊரின் பெயரும் இல்லாமல், வெறும் பச்சையாக இருக்கும். என் கணவர் எழும்பிப் போய் அந்தப் பச்சையின் வலது ஓரத்தில் விரலை வைத்து, "இதுதான் நாம" என்பார். திரையில் அந்த இடத்தில் விரல் பட்டுப் பட்டு ஓர் அழுக்குப் புள்ளி விழுந்துவிட்டது. நான் துடைப்பேன், அடுத்த தாழமுக்கத்துக்கு மறுபடியும் விழும்.

அவருடைய இந்தப் பைத்தியத்தால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிரயோசனமும் இருந்தது. என் ஒரே தம்பிக்கு வானிலை சொல்கிறவர் அவர்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியவன் தம்பி மட்டும். கலியாணம் முடிக்கவில்லை. அப்பா விட்டுப்போன மாட்டுப் பட்டியோடு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் கிடக்கிறவன். "உனக்குப் பொம்பிள பாக்கிறதெண்டா நாலு காலோடதான் பாக்கோணும்" என்று நான் பகிடி பண்ணுவேன். மாரியில் வட்டை முழுக்க நெல் விதைத்துவிடுவார்கள்; மாடுகள் வயலில் இறங்கக்கூடாது. அதனால் அந்தக் காலத்தில் பட்டியை மேற்கே தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்து ஓட்டிக்கொண்டு போய், அங்கே வாடி என்கிற குடிலைக் கட்டி, மழை முடியும்வரை இருப்பான்.

அவனிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்னப் போன். வாடியில் அதற்கு சிக்னல் கிடையாது. பக்கத்துக் குளக்கட்டில் ஏறி நின்றால்தான் எடுக்கும். பொழுது சாய்கிற நேரம் குளக்கட்டில் ஏறி என் கணவரைப் போனில் எடுப்பான். என்னை எடுக்க மாட்டான். "அத்தான், மழை எப்பிடியாம்?" என்று கேட்பான். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ அரசாங்கமே பேசுகிற மாதிரி பதில் சொல்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு அவருடைய சொல்லைக் கேட்டு நடந்த ஒரே ஆள் என் தம்பிதான்.

அது கார்த்திகை மாதம். விடாத மழை. கடலில் புயல் என்று சென்னைச் சனல்காரர்கள் கொஞ்ச நாளாகவே முரசடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று பார்த்து இந்தியாவின் வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் வாக்கு எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது. திரையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியில் வாக்கு, மறுபாதியில் புயல். இரண்டுக்கும் ஒரே முரசு. புயல் பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் கடற்கரையில் நின்று, மக்கள் அச்சத்தில் உறைந்திருக்கிறார்கள் என்று கத்தினார். அவருக்குப் பின்னால் ஒரு சோடி அலையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. சுண்டல் விற்கிறவர் ஒருவர் குறுக்கே போனார். அங்கே மழை இல்லை. எங்கள் தகரக் கூரையில் அடித்த மழையின் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை என்று என் கணவர் ஒலியைக் கூட்டினார்.

காலையில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள். வாவிக்கரையில் இருப்பவர்கள் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது அது. "இவனுகளுக்கு என்ன தெரியும்? இஞ்ச படமே ஓடுது, பார்" என்றார் இவர். ஓட்டோவில் படம் இல்லை, ஒரு பெடியனின் கரகரத்த குரல் மட்டும்தான். வண்ணப் படத்துக்கு முன்னால் அந்தக் குரல் எடுபடவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. தம்பி. வழமைக்கு மாறான நேரம் என்பதால் நான் மெஷினை நிறுத்தினேன். என் கணவர் போனைச் சத்தமாகப் போட்டார்.

"அத்தான், குளம் முட்டிப்போச்சு. பட்டிய மலையடிக்குச் சாய்க்கவா, இஞ்சயே நிக்கவா? சாய்க்கிறதெண்டா இப்பவே சாய்க்கோணும். கண்டுக்குட்டிகள் குளிருக்குத் தாங்காது, நடத்தினாச் செத்திடும். அதான் யோசிக்கன்."

மலையடி என்பது மேய்ச்சல் தரைக்கு அப்பால் இருக்கிற உயர்ந்த பாறை நிலம். பட்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க அரைநாள் ஆகும்.

சரியாக அந்த நேரம் திரை முழுக்கச் சிவப்பு. முரசு நின்று, கலியாண வீட்டு மேளம் மாதிரி ஒன்று அடித்தது. ஆபத்து நீங்கியது, புயல் விலகியது என்று பெரிய எழுத்தில் வந்தது. செய்தி வாசிக்கிற பெண் சிரித்தாள். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம் என்றாள்.

"விலகிட்டாம் மச்சான்!" என்று என் கணவர் போனுக்குள் கத்தினார். "இப்பதான் சொல்றாங்க, சுடச்சுட. கண்டுகளைக் கஷ்டப்படுத்தாத. அங்கயே நில்லு."

"அப்ப சரி அத்தான். நான் இறங்கி வாடிக்குப் போறன், மழை கனக்கப் பேயிது" என்றான் தம்பி. வைத்துவிட்டான்.

என் கணவர் திருப்தியோடு கால் நீட்டி உட்கார்ந்தார். நான் நூலைக் கோர்க்கக் குனிந்தவள், ஏதோ தோன்ற நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். சிவப்பு அம்புக்குறி இப்போது சென்னைக்குப் போகவில்லை. அது வளைந்து வந்து, பச்சை மாங்காயின் வலது ஓரத்தில், அந்த அழுக்குப் புள்ளிக்கு மேல் நின்று சுழன்றது.

"விலகி எங்க போகுதாம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அந்தப் பெண் அதற்குள் ஒரே மூச்சில் சொன்னாள்: இலங்கையின் கிழக்குக் கரையிலேயே நிலைகொண்டு, பலத்த மழையைக் கொடுத்து, அங்கேயே வலுவிழக்கும். சொல்லி முடித்து அதே சிரிப்போடு வாக்கு எண்ணிக்கைக்குத் திரும்பினாள். யாரோ ஒருவர் முன்னிலையாம்.

என் கணவர் போனை எடுத்து அமத்தினார், அவசரத்தில் வேறு இலக்கம் போனது, மறுபடி அமத்தினார். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னது போன். தம்பி குளக்கட்டிலிருந்து இறங்கிவிட்டான். மீண்டும் மீண்டும் எடுத்தார். "சொல்லுங்க, திரும்ப ஏறச் சொல்லுங்க" என்று அவரிடமே கத்திக்கொண்டிருந்தேன். அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. தொலைக்காட்சி செத்துவிட்டது. எங்களுக்குப் புயல் வந்து சேர்ந்தபோது எங்களிடம் புயல் செய்தி இல்லை.

நான் அந்தப் பெண்ணைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய ஊருக்கு வந்த ஆபத்து உண்மையாகவே நீங்கிவிட்டது. அவள் தன் ஊர்க்காரர்களுக்குச் சொன்னதை, வாக்கில்லாத ஊரில் இருந்துகொண்டு நாங்கள் எங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். இத்தனை வருடம் அவர்களுடைய வெற்றிக்குக் கைதட்டி, அவர்களுடைய தோல்விக்குச் சாப்பிடாமல் கிடந்த மனிதருக்கு, அந்தப் படத்தில் தான் இல்லை என்பது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அதை நினைக்க எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா, பரிதாபம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இரண்டு நாள் காற்றும் மழையும். எதிர்வீட்டு மாமரம் எங்கள் வேலியில் விழுந்தது. வாவி றோட்டில் ஏறியது. அக்கரைக்குப் போகிற படகுப் பாதையை நிறுத்திவிட்டார்கள். சுற்றிப் போகிற பாலத்துக்கு மேலால் தண்ணீர். குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டதாகவும், மேய்ச்சல் தரை முழுக்கக் கடலாகக் கிடப்பதாகவும் படகுத் துறையடியில் பேசிக்கொண்டார்கள். என் கணவர் விடிந்ததும் குடையோடு துறையடிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். என்னோடும் ஒரு சொல் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரர் விழுந்த மரத்தை வெட்ட வந்து, "அண்ணன், ஒண்டும் ஆயிராது" என்றபோது, அவருக்கு முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. சந்தைப் பக்கத்தில் மின்சாதனக் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டு, ஊராரின் போன்களைச் சும்மா சார்ஜ் பண்ணிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைக்குள் நெருக்கம். தரையெல்லாம் வயர். சுவரில் விற்பனைக்கு மாட்டியிருந்த எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒரே கொழும்புச் சனல் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத் திரை, பெரிய திரை, எல்லாவற்றிலும் ஒரே படம்.

வெள்ளத்தில் மாடுகள் மிதந்துகொண்டிருந்தன. வயிறு ஊதி, கால்கள் விறைத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. சிலது உயிரோடு தலையை மட்டும் தூக்கி நீந்தின. பின்னணியில் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து அழுதன. கீழே, வடக்கே வன்னிப் பக்கத்து ஊரொன்றின் பெயரைப் போட்டிருந்தார்கள். "ஐயோ, பாவம் வாயில்லாச் சீவன்கள்" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வன்னிக்காரரின் மாடுகள் என்று.

பிறகு நாம்பன் ஒன்று, வளர்ந்த இளங்காளை, புரண்டு வந்தது. அதன் இடப்பக்கம் மேலே தெரிந்தது. அதில் குறி.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது வம்சத்துக்கும், ஒரு மாட்டுக்குறி உண்டு. கன்று வளர்ந்ததும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அந்தக் குறியைச் சுட்டுவிடுவார்கள்; அதற்குக் கீழே சொந்தக்காரரின் எழுத்து. காடு முழுக்க மாடுகள் கலந்து மேய்ந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிடும். சின்ன வயதில் அப்பா குறி சுடும்போது, சுட்ட இடத்தில் பூச எண்ணெய்ச் சிரட்டையோடு நான்தான் பக்கத்தில் நிற்பேன். கொக்கி மாதிரி ஒரு வளைவு, அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு, அதன் கீழே அப்பாவின் முதலெழுத்து. உலகத்தில் வேறு யாருக்கும் அது ஒரு தழும்பு. எனக்கு அது அப்பாவின் கையெழுத்து.

"எங்கட மாடு!" என்று கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இது வன்னி இல்ல. இது எங்கட மாடு. என்ட தம்பிட பட்டி!"

எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். அந்தச் சனல் அந்தத் துண்டையே திரும்பத் திரும்பப் போட்டது. அமைச்சர் ஒருவர் பேசினாலும் பக்கத்தில் அதுதான் ஓடியது. காலநிலை பற்றி ஒரு பேராசிரியர் விளக்கினாலும் அதுதான். ஒவ்வொரு முறையும் நான் மாடுகளைப் பார்க்கவில்லை. தண்ணீரின் ஓரத்தில், மரத்தில், தூரத்துக் குளக்கட்டில் ஒரு மனிதன் தெரிகிறானா என்று பார்த்தேன். ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்த்தேன், பெரிய திரையில் தெரியாதது சின்னத் திரையில் தெரியும் என்கிற மாதிரி. மாடுகள் மட்டும்தான் இருந்தன.

யாரோ துறையடிக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் நனைந்த சாரத்தோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். நாம்பன் புரண்டது. குறியை அவரும் அறிவார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரையின் அடியில், உங்கள் பகுதி நிலவரத்தைச் சொல்லுங்கள் என்று ஓர் இலக்கம் ஓடியது. கடைக்காரர் தன் போனில் அதை அமத்தி என்னிடம் தந்தார். ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"அக்கா, லைன்ல இருங்க, உங்கள இப்பவே நேரலையில எடுக்கிறோம்" என்றாள், நான் பாதி சொல்லும்போதே. "நீங்க எப்பிடி உணர்றீங்கன்னு சொல்லுங்க. அழுகை வந்தா அழுங்க, பிரச்சினை இல்ல."

என் தம்பி இருக்கிறானா இல்லையா என்று கேட்க எடுத்த எனக்கு, அழ அனுமதி கிடைத்திருக்கிறது.

பிறகுதான் எனக்குள் இருக்கிற பிசாசு எழும்பியது. "எனக்கு நேரலை வேணாம்!" என்று கத்தினேன். "நீ போட்ட ஊர் பிழை. அது எங்கட மாடு. இந்த வீடியோவ ஆர் எடுத்தது, எங்க நிண்டு எடுத்தது, அத மட்டும் சொல்லு. அங்க ஒரு மனுசன் நிண்டானா? எனக்கு வேற ஒண்டும் வேணாம் மகள். ஒரு மனுசன் நிண்டானா?"

அவளுடைய குரல் இறங்கி வந்தது. "அக்கா, அது வாட்ஸ்அப்ல வந்தது. ஊர் போட்டிருக்கல்ல. வடக்கிலயும் வெள்ளம்தானே, அதால அந்தப் பேரைப் போட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "வந்த மாதிரியே முழுசா இந்த நம்பருக்கு அனுப்புறன். நான் அனுப்பினன்னு யாருக்கும் சொல்லாதீங்க."

அனுப்பினாள். அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

கடைக்காரர் தொலைக்காட்சிகளின் ஒலியை எல்லாம் குறைத்தார். போனில் அதே படம் ஓடியது. தொலைக்காட்சியில் வந்ததைவிட நீளம். அதில் வயலின் இல்லை. காற்று போனுக்குள் ஊதிய இரைச்சல், தண்ணீரின் இரைச்சல், படம் எடுக்கிறவர் மூச்சு வாங்குகிற சத்தம். நாம்பன் புரண்டது. அதற்குப் பிறகு படத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓஹோ... ஓஹோய்... வா மகள், வா... சுட்டி, இஞ்சால வா... செவல, வா, வா..."

என் தம்பி. தன் மாடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பட்டி திறக்கிற நேரத்தில் கூப்பிடுகிற அதே கூப்பாடு, ஆனால் தொண்டை கிழிந்திருந்தது. நீந்திக்கொண்டிருந்த தலைகளில் ஒன்று அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது. திரும்பி, தண்ணீருக்குள் போய்விட்டது. அவன் அதைக் கண்டிருக்க வேண்டும், கூப்பாடு அலறலாகியது. "விடு, விடு, போச்சு! இறங்காத! டேய், இறங்காத!" என்று படம் எடுத்தவர் கத்தினார். போன் ஆடியது. ஒரு துண்டு வானம், ஒரு துண்டு சேறு. அதோடு முடிந்தது.

நான் சுவரைப் பார்த்தேன். எல்லாத் திரைகளிலும் அதே நாம்பன் புரண்டுகொண்டிருந்தது. காலையிலிருந்து நாடு முழுக்கப் பார்த்த அந்தப் படத்துக்குள் என் தம்பி உயிரோடு இருந்திருக்கிறான். ஊரே கேட்கக் கூப்பிட்டிருக்கிறான். அவனை வழித்தெடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வயலினைப் போட்டிருக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு அழுகை வரவேண்டும் என்று. இவ்வளவு துணிச்சலாக ஒரு மனிதனை இல்லாமல் பண்ண முடியும் என்று நான் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

இறங்கினானா, இல்லையா? அது தெரியாமல் ஒரு பகலும் ஓர் இரவும் போனது. அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சோறு ஆக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் படம் எடுத்தவரே அவனைத் தோணியில் கூட்டிவந்தார். பக்கத்து வாடிக்காரர்; ஒரு தரம் சிக்னல் எடுத்தபோது வீடியோவைத் தன் ஆட்களுக்கு அனுப்பினாராம், அதோடு போனில் சார்ஜ் போய்விட்டதாம். அவன் தண்ணீரில் இறங்கத்தான் செய்தான், தானும் இன்னொருவரும் சேர்ந்து கயிறு போட்டு அவனைக் கரையேற்றியதாகச் சொன்னார். பெரிய பட்டியில் ஒரு கைக்குள் அடங்குகிற மாடுகள்தான் மிச்சம். தம்பி துறையடியில் இறங்கி என்னைக் கண்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வெறும் காற்று வந்தது. வெள்ளம் வந்த அன்று விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை கூப்பிட்டதில் தொண்டை போய்விட்டது என்றார் வாடிக்காரர்.

வீட்டுக்குக் கூட்டிவந்து கஞ்சி கொடுத்தேன். என் கணவர் உள்ளே வரவில்லை. முற்றத்தில், விழுந்த மரத்தின்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி கஞ்சியை வைத்துவிட்டு எழும்பிப் போய் அவருடைய தோளைத் தட்டினான். சாப்பிட வாங்க என்று கையைக் காட்டினான். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். குரல் இருந்திருந்தாலும் அவன் ஒரு சொல் குறை சொல்லியிருக்க மாட்டான். அதுதான் என் கணவரைக் கொன்றது.

அப்போது என் போன் அடித்தது. கொழும்புச் சனலிலிருந்து, கடைக்காரரிடம் என் இலக்கம் வாங்கி எடுத்திருந்தார்கள். இந்த முறை ஓர் ஆண், மரியாதையான குரல்.

"உங்க தம்பி கிடைச்சிட்டாராமே அம்மா, ரொம்ப சந்தோஷம். நாளைக்கு எங்க குழு உங்க பக்கம் வருது. அந்த ஒறிஜினல் வீடியோவ இப்பதான் சத்தத்தோட கேட்டோம். அதுல மாடுகளக் கூப்பிடுறாரே, அந்த மாதிரியே தண்ணியப் பார்த்து ஒரு தரம் கூப்பிடச் சொல்ல ஏலுமா? நல்ல கமராவுல எடுப்போம். மக்கள் மனசத் தொடும்."

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். என்னவென்று கண்ணால் கேட்ட என் கணவரிடம், அந்த ஆள் சொன்னதை அப்படியே சொன்னேன். தம்பியும் கேட்டான். அவன் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

என் கணவர் மரத்திலிருந்து எழும்பி வந்து போனை வாங்கினார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். குரலை உயர்த்தவில்லை.

"இல்ல மகன், அவனால ஏலாது" என்றார். "அவனிட்ட இருந்த குரல் முழுக்க உங்களிட்டத்தான் வந்தது. நீங்க அத அழிச்சுப்போட்டு மியூசிக் போட்டீங்க."